உள்ளுதட்டில் ஒன்பது

“இன்னும் கொஞ்சம் திறங்கண்ணா.”

கொத்தனார் வாயைத் திறந்தார். பல் டாக்டரம்மா அவருடைய கீழுதட்டை மடித்துப் பிடித்து வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

உள்ளே சின்னச் சின்னதாய் ஒன்பது மேடு. வலி கிடையாது, ரத்தம் கிடையாது. எப்போது முளைத்தன என்றும் தெரியாது. ஆனால் நாக்கு சும்மா இருக்குமா? சாந்து குழைக்கும்போதும் சாரத்தில் நிற்கும்போதும் போய்ப் போய்த் தடவிவிட்டு வரும்.

சித்தாள் பெண்கள் முதலில் கேலிதான் செய்தார்கள். “வாய்க்குள்ள முத்து விளையுதாமே கொத்தனாரே, ஆளுக்கு ரெண்டு குடுங்க” என்றார்கள். பிறகு யாரோ புற்றுநோயின் பேரை எடுக்க, கேலி அடங்கிப்போனது.

அன்றைக்கே மனைவி அடுப்பை அணைத்துவிட்டு அவரைக் கையோடு இழுத்து வந்தாள். துளி சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று முடிவு வந்திருந்தது. உள்ளே வரத் தைரியமில்லாமல் அவள் வெளி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரம்மா காகிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். கெட்டது எதுவும் இல்லையாம். ஏதோ ஒரு வைரஸ் செய்கிற வேலையாம். பெரும்பாலும் பிள்ளைகளுக்குத்தான் வருமாம். எச்சில் வழியாகப் பெரியவர்களுக்கும் ஒட்டுமாம்.

“வீட்டுல பிள்ளைங்க வாயில இப்படிப் பார்த்திருக்கீங்களா?”

பார்த்திருக்கிறார். மகளுக்கு உதட்டோரம் இதே மாதிரி இருந்தது. சூட்டுக் கொப்புளம் என்று விட்டுவிட்டார்கள்.

வேலை முடிந்து வரும்போது அவர் ஒரே ஒரு மிட்டாய்தான் வாங்கி வருவார். சட்டை நுனியில் சுற்றிக் காக்காக் கடி கடித்துத் தா என்பார். அவளா கேட்பாள்? துணியை உதறிவிட்டு நேராகவே கடிப்பாள். எச்சில் ஒழுகும் பாதியை அவர் வாயில் திணித்துவிட்டு, மெல்லுகிறாரா என்று தாடையையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

“பாப்பாவுக்கு இருந்துச்சும்மா.”

“அப்ப பாப்பாகிட்டருந்துதான் உங்களுக்கு வந்திருக்கு. ஒருநாள் கூட்டிட்டு வாங்க, பார்த்துடுவோம்.”

சிமெண்டு தின்ற விரல்களால் அவர் துண்டின் ஓரத்தைப் பிசைந்தார்.

“பாப்பா இல்லம்மா. காய்ச்சல்ல போயிட்டா. எட்டு மாசமாச்சு.”

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். ஒரு விரல், இன்னொரு விரல் என்று மெதுவாக. பிறகு, நல்லதாக எதையாவது சொல்ல வேண்டுமே என்று, “உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுண்ணா. மருந்துகூட வேணாம். நாளாக ஆக இதெல்லாம் தானா மறைஞ்சிடும்” என்றார்.

கொத்தனார் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“மறையாம இருக்க ஏதாச்சும் மருந்து இருக்காம்மா?”