மாடி வீட்டு டிவி

பளார் என்று ஓர் அறை. அடுத்த நொடி, ஏதோ கண்ணாடிச் சாமான் சுவரில் மோதிச் சிதறியது. "வேண்டாம், விட்டுடுங்க!" என்று ஒரு பெண் அலறினாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த கண்டக்டர் மேலே கூரையைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியா? சவுண்டுன்னா இது! நம்ம பெட்டியும் இருக்கே, வெடிகுண்டு வெடிச்சாக்கூட பிஸ்கெட் கடிச்ச மாதிரி கேக்குது."

"ரசிக்கிற விஷயமா இது?" என்றாள் மனைவி. "யாரோ யாரையோ கொல்றாங்க. எனக்குச் சோறே இறங்கல."

மேலே தொம்மென்று கனமாக ஏதோ விழுந்தது. மின்விசிறி ஒரு முறை ஆடிவிட்டுச் சுற்றியது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருடங்கள் ஆகியும் தெருவில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். மாடியில் குடியிருப்பவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். கண்டக்டருக்கு மாத்திரை தீரும் சமயம் பார்த்து, கேட்காமலே கொண்டுவந்து கொடுப்பார்.

குடிவந்த புதிதில் கண்டக்டர் இந்தச் சத்தத்தைப் பற்றி ஜாடையாகக் கேட்டபோது மனிதர் கூனிக் குறுகிப் போனார். "மன்னிச்சுக்குங்க சார். கடையை மூடிட்டு வந்து ஒரு சண்டைப் படம் பார்த்தாத்தான் எனக்குத் தூக்கமே வரும். டிவியைக் கொஞ்சம் குறைச்சு வச்சுக்கறேன்."

குறைக்கவில்லை. கண்டக்டரும் அப்புறம் கேட்கவில்லை. அவருக்கும் சண்டைப் படம் என்றால் உயிர்.

"படம் பளிச்சுனுதானே தெரியுது? நல்லா ஓடுற பெட்டியை எதுக்கு மாத்தணும்?" என்றாள் மனைவி. ஒரு வாரமாக வீட்டில் இதே வழக்குத்தான்.

"சத்தம்தாம்மா படத்துக்கு உசுரு."

மாடியில் இப்போது சுளீர் சுளீர் என்று அடி விழ ஆரம்பித்தது. ஒவ்வொரு அடிக்கும் அந்தப் பெண்ணின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. கடைசியில் முனகல் மட்டும் மிஞ்சியது.

"பெல்ட்டு!" என்றார் கண்டக்டர், வாயில் வைக்கப்போன கவளத்தை நிறுத்தி. "அடி தனியா விழுது பாரு. மியூசிக்கூட குறுக்க வரல."

மறுநாள் காலையிலேயே மனைவியை இழுத்துக்கொண்டு டிவி கடைக்குப் போய்விட்டார்.

போன வருட மாடலும் இந்த வருட மாடலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. "உண்மையைச் சொல்றேன் சார், படத்துல பெரிய வித்தியாசம் இருக்காது," என்றான் விற்பனையாளன். "புதுசுல ஸ்பீக்கர்தான் விசேஷம். அதுக்காகக் கூடுதல் காசு குடுக்கலாமான்னு நீங்களே கேட்டுப் பார்த்துச் சொல்லுங்க."

ஒரு சண்டைக் காட்சியைப் போட்டான். தடியன் ஒருவன் இன்னொருவனின் தலைமுடியைப் பிடித்து, முகத்தைக் கண்ணாடி மேஜையில் மோதினான். திரை முழுக்க ரத்தம் தெறித்தது. மறுபடி மோதினான். பல் ஒன்று உருண்டு ஓடியது. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கண்டக்டர் உதட்டைப் பிதுக்கினார். "ஒரே தபதபன்னு மத்தளச் சத்தமா இருக்கேப்பா. அடி எங்க கேக்குது?"

"செட்டிங்ல மாத்திக்கலாம் சார்."

"எங்க மாடி வீட்டு டிவியில எலும்பு முறியறதுகூடத் துல்லியமாக் கேக்கும். இதெல்லாம் அதுகிட்ட நிக்காது."

விற்பனையாளனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அது என்ன மாடல்னு கேட்டுட்டு வாங்க சார். அதைவிடப் புதுசு நல்லதா, இல்லையான்னு நானே சொல்றேன்."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கண்டக்டர் மாடிப்படி ஏறினார். "அவர் கடையிலேருந்து வந்துரட்டுமே," என்றபடி மனைவியும் பின்னால் ஏறினாள்.

"டிவி பேரைக் கேக்க அவர் எதுக்கு?" கதவைத் தட்டினார்.

இரண்டாவது தட்டலுக்குக் கதவு ஒரு சாண் திறந்தது. மருந்துக்கடைக்காரரின் மனைவி. தலையில் துண்டைச் சுற்றியிருந்தாள். பாதி முகம் கதவுக்குப் பின்னால் இருந்தது.

"அவர் கடைக்குப் போயிருக்காருங்க."

"தெரியும்மா. ஒரு நிமிஷம்தான். உங்க டிவி என்ன மாடல்? அதே மாதிரி ஒண்ணு வாங்கலாம்னு பார்க்கறேன். நேத்து அந்த பெல்ட் சீன் வந்துச்சே, அப்பப்பா! எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு."

அந்தப் பெண் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "கீழே கேட்டுச்சா?"

"தெளிவா! ஒவ்வொரு அடியும் கேட்டுச்சு."

"தினமுமே கேக்குமாங்க?"

"பின்னே? தினமும் சாப்பிடறப்ப எங்களுக்கு அதானே பொழுதுபோக்கு!"

அவள் கதவை முழுவதுமாகத் திறந்தாள். உள்ளே பார்த்த கண்டக்டரின் மனைவி, அவர் கையை இறுகப் பிடித்தாள்.

"இங்க குடிவந்த நாள்லேருந்தே எங்க டிவியில சத்தம் வராதுங்கய்யா."