ஜன்னலுக்குக் கீழே

ஷுப்ரா பகுதியின் மூன்றாம் மாடி வீடொன்றில் வெள்ளிக்கிழமைப் பிற்பகல் வெயில் கட்டில்மேல் சாய்ந்து கிடக்கிறது. அதில் சலவைச் சட்டையும் படிய வாரிய தலையுமாக ஃபவ்ஸி உட்கார்ந்திருக்கிறார். சர்க்கரை நோய் அவர் பார்வையைப் பறித்து ஒரு வருடமாகிறது. எதிர் நாற்காலியில் வக்தி. தேவாலயப் பாடகர் குழுவில் முப்பது வருடம் அவர் பக்கத்தில் நின்று பாடியவர். வெள்ளிதோறும் பூசை முடிந்ததும் வந்து சுவிசேஷம் வாசித்துக் காட்டுவதாக வாக்குக் கொடுத்தவர், பதினொரு வாரம் கழித்து இன்றுதான் வந்திருக்கிறார். ஃபவ்ஸியின் மனைவி நகாத் தேநீர் கொண்டுவந்து வைக்கிறாள். கண்ணாடிக் குவளைக்குள் புதினா இலை மெல்லச் சுழல்கிறது. "கோயில் வேலை ஓயவே மாட்டேங்குது, ஃபவ்ஸி" என்கிறார் வக்தி. ஃபவ்ஸி தலையாட்டுகிறார். அப்போது திறந்த ஜன்னல் வழியே, கீழே காப்பிக் கடையில் பகடை உருளும் சத்தமும் ஒரு குரலும் ஏறி வருகின்றன. "வக்தி எங்கடா? அவன் இல்லாம ஆட்டமே சப்புன்னு இருக்கு!"

நகாத் தட்டைப் பார்த்தபடியே பேசுகிறாள். "வெள்ளிக்கிழமைன்னா இந்த ஜன்னலை மூடவே விடமாட்டார், அண்ணே. உங்க சிரிப்பு கேட்டா, 'இன்னிக்கு வக்தி ஜெயிச்சுட்டான்'னு சொல்லுவார். ஆட்டம் முடிஞ்சு வருவீங்கன்னு, இருட்டுற வரைக்கும் சட்டையைக் கழட்டமாட்டார்." வக்தியின் காது மடல்கள் எரிகின்றன. மடியிலிருக்கும் புத்தகத்தின் ஓரத்தை விரல் நெருடுகிறது. "வேலை ஒண்ணும் இல்லடா" என்கிறார் கடைசியில். "கீழதான் இருந்தேன்." ஃபவ்ஸியின் கை காற்றில் தடவி வந்து அவர் முழங்காலைப் பற்றுகிறது. "தெரியும். இன்னும் நேரமிருக்கு, வாசி." வக்தி புத்தகத்தைத் திறக்கிறார். முப்பது வருடம் பக்கத்தில் நின்று பாடிய குரலில் முதல் வரியை மெல்ல வாசிக்கிறார்.