விளக்கு மாடம்

நடுக்கடலில் ஒரு சின்னத் தீவு. பழங்காலக் கிறிஸ்தவத் துறவிகள் அங்கே கட்டிய மடத்தில் ஒரே ஒரு சுவர்தான் மிச்சம். கடலுக்குப் போனவர்கள் வழி தவறாமல் திரும்பட்டும் என்று, அந்தச் சுவரின் மாடத்தில்தான் துறவிகள் அந்தக் காலத்தில் தினமும் விளக்கு வைப்பார்கள்.

அதில் ஒரு கடற்புறா முட்டையிட்டது.

“எழுந்திரு தாயி. விளக்கு வைக்கிற இடம் அது. அவங்க வந்தா எங்கே வைப்பாங்க?” என்றது சுவர்.

“அவங்க போய் எத்தனை வருஷமாச்சு?”

“ஆயிரம் இருக்கும். இன்னைக்கே வந்துட்டா?”

“வரட்டும், நகர்ந்துக்கறேன்” என்று புறா நன்றாகப் படுத்துக்கொண்டது.

அன்று முதல் சுவருக்குக் கவலை இரண்டானது. லேசாகக் காற்றடித்தாலும், “முட்டை பத்திரமா?” என்று கேட்கும்.

குஞ்சு பொரித்த மூன்றாம் நாள் மாலை, கடலை மறைத்துப் பனி இறங்கியது. மீன் பிடிக்கப் போன ஆண் புறா திரும்பவில்லை. தாய் சுவரின் உச்சியில் நின்று கத்திக் கத்திப் பார்த்தது. குரல் பனியில் அமுங்கிப்போனது.

“விளக்கு இருந்தா வந்துடுவாரே! வைக்க ஆளில்லையே” என்று புலம்பியது சுவர். மாடத்துக்குள் குஞ்சு பசி தாங்காமல் வீறிட்டது. வளைந்த கல்லில் மோதிய அந்தச் சின்னக் குரல் பெரிதாகிக் கடல்மேல் போனது. குஞ்சு நிறுத்தவே இல்லை. கொஞ்ச நேரத்தில், அலகில் மீனோடு ஆண் புறா வந்து இறங்கியது.

“என்ன பெரியவரே, நாங்க நகர்ந்துக்கணுமா?” என்று தாய் சீண்டியது.

“மெல்லப் பேசு, குழந்தை தூங்குது” என்றது சுவர். “அவங்க வந்தா, விளக்கு வெச்சாச்சுன்னு நான் சொல்லிக்கறேன்.”