அஞ்சு போதும் சார்

"இன்னா சார், என் மருமவ மண்டைல இதெல்லாம் ஏறுமா?"

மீன்கூடையை வாசலிலேயே இறக்கிவிட்டு உள்ளே வந்தாள் கோவிந்தம்மா. தெற்கு மாட வீதியில், மாடியில் நடக்கும் கம்ப்யூட்டர் வகுப்பு அது. அன்று படிப்பவர்களின் வீட்டார் வந்து பார்க்கும் நாள்.

"நீங்களே பாருங்கம்மா" என்றார் பிரபாகர் சார். "உங்க மருமக மேகலா எழுதின புரோகிராம்ல ஒரு நம்பரைப் போட்டா, அதை வெறும் ஒண்ணும் பூஜ்யமுமா மாத்திக் காட்டும். கம்ப்யூட்டருக்கு அந்த ரெண்டுதான் தெரியும்."

"சரியா வந்தா படிக்கட்டும். தப்பா வந்துச்சு, நாளைக்கே எங்கூட மீன் விக்க வந்துடணும். அவ்ளோதான் பேச்சு."

மேகலா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"பதிமூணு போடும்மா" என்றார் சார்.

"பதிமூணா!" பக்கத்து சீட்டு ஸஹானா சிரித்தாள். வகுப்பிலேயே வாய் ஜாஸ்தி அவளுக்குத்தான். "அவ்வளவு பெருசெல்லாம் அக்கா தாங்க மாட்டாங்க. அஞ்சு போதும் சார்!"

வகுப்பே சிரித்தது. மேகலாவுக்கு அழுகை முட்டியது.

"சரி, அஞ்சே போடு" என்ற சார், சரியான விடையைப் போர்டில் எழுதினார்: 101.

மேகலா தட்டினாள். திரையிலும் 101.

ஒரே கைதட்டல்.

"அடியாத்தே! அஞ்சைப் போட்டா நூத்தியொண்ணா? நம்ம யாவாரத்துல ஒரு நாளாச்சும் இப்டி வந்துகீதா? நீ படி கண்ணு!"

போகிற போக்கில் கோவிந்தம்மா ஸஹானாவை ஒரு முறை முறைத்தாள். "தோ பாரும்மா, ரொம்பப் பேசாத. என் மருமவ எவ்ளோ பெரிய நம்பரும் போடுவா!"

மாமியார் படியிறங்கியதும் மேகலா திரும்பினாள். "அவங்க எதிர்ல என்னை மட்டம் தட்டி உனக்கு இன்னா கெடச்சுது?"

ஸஹானா மேகலாவின் கீபோர்டை இழுத்துப் பதிமூன்றைத் தட்டினாள்.

திரையில் 1011.

"1101 வரணும்க்கா. உங்க புரோகிராம் விடையைத் தலைகீழா, கடைசியிலேர்ந்து எழுதுது. நான் அதைக் கவனிச்சுச் சொல்றதுக்குள்ள உங்க மாமியார் பின்னாடி வந்து நின்னுட்டாங்க."

குரலைத் தாழ்த்தினாள்.

"அஞ்சுன்னா, எந்தப் பக்கத்துலேர்ந்து எழுதினாலும் 101தான்."