யானை மட்டும் சாப்பிடவில்லை

பசு புல்லைத் தின்றாகிவிட்டது. பூனை எலியைத் தின்றாகிவிட்டது. குரங்குகூட வாழைப்பழத்தைத் தொண்டையில் சிக்காமல் தின்று முடித்துவிட்டது.

மதுரையிலிருந்து வந்திருந்த பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் அடுத்த படத்தைப் பிரம்பு நுனியால் தொட்டார். அது யானை.

வகுப்பு வாயை மூடிக்கொண்டது.

குரங்கணிக்கு மேலே, ஏலத்தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் இந்த எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஜெபமணி தற்காலிக வாத்தியார். தோட்டத்துப் பிள்ளைகளும் இங்கிலீசு பேச வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. இன்றைக்கு இன்ஸ்பெக்டர் நல்லபடியாக எழுதினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் போடியில் அண்ணன் கடைக்குப் போய் ஏலக்காய் சலிக்க வேண்டியதுதான். 'படிச்ச துரை வந்துட்டாரு, சல்லடையைக் குடுங்க' என்று அண்ணன் சொல்லப்போவது இப்போதே காதில் கேட்டது.

ஒரு மிருகம் தின்றால் 'ஈட்ஸ்'. பல மிருகங்கள் தின்றால் 'ஈட்'. அந்த ஒரு 'ஸ்'ஸைப் பிள்ளைகள் வாயில் ஒட்டவைக்க அவன் கரடியாய்க் கத்தியிருக்கிறான். இலக்கணம் என்றால் எழுந்து ஓடுகிற பிள்ளைகள், எது எதைத் தின்னும் என்றால் உட்கார்ந்து கேட்டன. அவன் படத்தைத் தொட வேண்டியதுதான், பிள்ளைகள் வாக்கியம் சொல்லும். ஆடு தின்றது, எலி தின்றது, காட்டுப்பன்றி தின்றது. யானைக்கு வந்தால் மட்டும் அத்தனையும் ஊமை.

வராத பாடம் என்றால் மனசு ஆறும். போன வாரம் அடைமழை. தினமும் குரங்கணிக்கு இறங்கும் காட்டுப் பாதை வழுக்கும், இன்றைக்குக் கீழே இறங்கவில்லை, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரிலேயே படுத்துக்கொள்கிறேன் என்று அவன் சொன்ன அன்று, இதே பிள்ளைகள்தான் "தி எலிஃபன்ட் ஈட்ஸ் பாம்பூ" என்று கூரைத் தகரம் அதிரச் சொன்னார்கள். மறுநாள் வெயில் அடித்தது. மறுபடியும் ஊமை.

"ம், சொல்லுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஜெபமணி அவர் முதுகுக்குப் பின்னால் நின்று துதிக்கை மாதிரி கையை ஆட்டிக் காட்டினான். மூங்கில் மாதிரி விறைத்து நின்றும் காட்டினான். பிள்ளைகள் அவனைப் பார்க்கவே இல்லை. வாசல் ஆணியில் தொங்கிய அவனுடைய தூக்குச்சட்டிப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பசிக்கிறது போல. பாழாய்ப்போன பசி இப்போதுதானா வர வேண்டும்.

இன்ஸ்பெக்டர் முன்வரிசைச் சுருளியம்மாளை எழுந்து நிற்கச் சொன்னார். வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. வாய் மட்டும் திறக்கவில்லை.

அவர் பேனாவை மூடினார். "ஒரு படத்துக்கே இந்தப் பாடு. நீங்க வேற வேலை தேடிக்கறது நல்லது, மிஸ்டர் ஜெபமணி."

தொப்பியை மாட்டிக்கொண்டு கோவேறு கழுதையில் ஏறிக் கிளம்பிவிட்டார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே தாழியை உடைத்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து முழித்துக்கொண்டிருந்தார்கள். அடிக்கக்கூட அவனுக்குக் கை எழவில்லை. அழுகைதான் வந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அண்ணன் முன்னால் போய் நிற்பது?

ஆணியிலிருந்த பையைப் பிடுங்கி மூலையில் வீசினான். சட்டி உருண்டு ஓடியது.

"நான் இன்னைக்குக் கீழ போகலை. ஸ்டோர்லயே கெடந்துக்கிறேன். எந்திரிச்சுப் போங்க எல்லாரும்."

யாரும் எழவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சுருளியம்மாள் மெல்ல ஆரம்பித்தாள்.

"தி எலிஃபன்ட் ஈட்ஸ் பாம்பூ."

அவ்வளவுதான், மொத்த வகுப்பும் சேர்ந்துகொண்டது. ஒரு 'ஸ்'கூடச் சிந்தவில்லை.

ஜெபமணிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. மேசையில் ஓங்கி அறைந்தான். "அவரு கேக்கும்போது வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

சுருளியம்மாள் பயந்துகொண்டே சொன்னாள். "காட்டுப் பாதையில ஆள் எறங்குற அன்னைக்கு அது பேரைச் சொல்லப்படாது சார். சொன்னா அது வழியில வந்து நிக்கும். நீங்க தெனமும் ஒத்தையில போறீக."

"இங்கிலீசுலதானடா சொல்லச் சொன்னேன்" என்றான் வகுப்பைப் பார்த்து. குரலில் இருந்த கோபம் பாதியாகக் குறைந்திருந்தது.

"இங்கிலீசும் அதுக்குத் தெரியும் சார். வெள்ளைக்காரத் தொரை இருந்த மலைதான இது" என்றாள் அவள்.

சிரிப்பதா அழுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. மூலையில் கிடந்த பையைப் பார்த்தான். அது தினமும் தொங்குகிற ஆணியைப் பார்த்தான். போன வாரம் மழை பெய்து, பையை ஸ்டோரில் வைத்துவிட்ட அன்றும் இந்த ஆணி காலியாகத்தான் இருந்தது.

பின்வரிசை மறுபடியும் யானை வாக்கியத்தைச் சொல்ல வாயெடுத்தது.

ஜெபமணி சட்டென்று கையைத் தூக்கித் தடுத்தான். ஜன்னலுக்கு வெளியே, ஏலச்செடிகளுக்கு மேலாக, இன்ஸ்பெக்டரின் தொப்பி குலுங்கிக் குலுங்கி இறங்கிக்கொண்டிருந்தது.

"பொறுங்க. அவரு வளைவு தாண்டிப் போகட்டும்."

"அவருக்குமா சார்?" என்றாள் சுருளியம்மாள். அவளுக்கு அதில் கொஞ்சமும் இஷ்டமில்லை.

"அவருக்கும்தான்."

வகுப்பு வாயை மூடிக்கொண்டது. தொப்பி மறைகிறவரை ஜெபமணியும் வாயைத் திறக்கவில்லை.