பயணி ஒருவர்

எனக்கு முன்பிருந்த பதினோரு ஸ்டேஷன் மாஸ்டர்களும் ஒப்படைப்புப் பட்டியலில் ஒரே வரியை எழுதியிருந்தார்கள்: 'காத்திருப்பு அறை: நாற்காலி நான்கு, கண்ணாடி ஒன்று, பயணி ஒருவர்.'

நான் பொறுப்பேற்ற அன்று அறை காலியாக இருந்தது. சிரித்தேன்.

"பேசாம கையெழுத்துப் போடுங்க சார்" என்றார் பழைய மாஸ்டர்.

போட்டேன். அதன்பின் ஆறு வருடமாக, தினமும் அந்த அறையை எட்டிப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஒருநாளும் யாரும் இருந்ததில்லை.

இன்று ஸ்டேஷனை மூடினார்கள். பட்டியலில் பயணியை அடித்துவிட்டு, அறையைப் பூட்டினேன். வீட்டுச் சாமான் ஏற்றிய லாரி வெளியே நின்றது. மனைவி முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, வெயிட்டிங் ரூம்ல இருந்தவர்கிட்ட இனிமே ரயில் வராதுன்னு சொன்னேன். நம்மகூட வரட்டுமான்னாரு. பாவம், சரின்னுட்டேன்."

மூன்று பேர் உட்காரும் முன்சீட்டில் அவளும் டிரைவரும் மட்டுமே இருந்தார்கள். நான் உட்கார இடமில்லை.