மணக்காத குளியலறை

மதிய வெயில் சிறு ஜன்னல் வழியே ஈரத் தரையில் விழுகிறது. பேருந்து ஓட்டுநர் முழங்காலிட்டு, டைல்ஸ் இடுக்குகளில் சமையல் சோடாவைத் தூவி, அடுப்படியிலிருந்து எடுத்து வந்த வினிகரை மேலே ஊற்றுகிறார். நுரை சீறிப் பொங்குகிறது. பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க இடுக்கின் கறுப்பு கழன்று வருகிறது. மூச்சிழுப்பால் ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்த மகள் இன்றைக்குச் சாயங்காலம் வீடு திரும்புகிறாள். கடையில் வாங்கிய வாசனைத் திரவம் ஊற்றிக் குளியலறையைக் கழுவிய அன்றுதான் அவளுக்கு மூச்சு முட்டியது. "பாத்ரூம் கழுவறியா, கேக் செய்யறியா?" என்று கதவருகே நின்று கேட்கிறாள் அவருடைய அக்கா. அவள் கையில் நீல பாட்டில் ஒன்று. "இதுல ரெண்டு மூடி விடுடா. வீடே கமகமன்னு இருக்கும்." "கமகமன்னு இருக்கக் கூடாதுக்கா. அதுக்குத்தானே இந்தப் பாடு." அக்கா உதட்டைப் பிதுக்குகிறாள். அவர் நான்கு வாளித் தண்ணீர் விட்டு அலசி, தரையை ஒட்டத் துடைத்து, ஜன்னலை விரியத் திறக்கிறார். வினிகரின் புளிப்பு நெடி காற்றோடு போகும்வரை இருவரும் கதவருகே காத்திருக்கிறார்கள். "இப்ப மோந்து பாரு." அக்கா ஒருமுறை மூக்கை உறிஞ்சுகிறாள். நம்பாமல் உள்ளே குனிந்து இன்னொரு முறை உறிஞ்சுகிறாள். "ஒண்ணுமே தெரியலியேடா." "அப்ப பாப்பா வரலாம்" என்றபடி அவர் சட்டையை மாற்றப் போகிறார்.